மழையைக் காட்டி ஆங்கிலம் கற்பித்தல்

பினாங்கில் வளரும் பிள்ளைக்குப் பேரிடர் பற்றிய ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்க விரும்பும் பெற்றோர், தொலைதூர எரிமலையை விட்டுவிட்டு, வாசலில் பெய்யும் மழையிலிருந்து தொடங்குவதே நல்லது. மாலையில் வானம் இருண்டதும் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே சன்னலிலிருந்து சற்றுத் தள்ளி உட்காரவைத்து, மின்னல் வெட்டிய கணத்தில் ‘லைட்னிங்’ என்று சொல்லவையுங்கள். பிறகு நொடிகளை ஆங்கிலத்தில் எண்ணிக்கொண்டே வந்து, இடி கேட்டதும் ‘தண்டர்’ என்று முடிக்கட்டும். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 நொடி பிடிப்பதால், எண்ணியதை மூன்றால் வகுத்தால் மின்னலின் தொலைவு தெரிந்துவிடும். கணக்குப் பாடமும் இலவசமாக நடந்துவிடுகிறது.

‘ஃப்ளட்’ என்றால் வெள்ளம். ‘ஃப்ளாஷ் ஃப்ளட்’ என்பது சில மணி நேரத்துக்குள் ஏறிவிடும் திடீர் வெள்ளம். 2017 நவம்பரில் பினாங்கு மூழ்கியதை நினைவுபடுத்தி, தண்ணீர் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கும் இடுப்புக்கும் ஏறுவதாகக் கையால் தொட்டுக் காட்டினால், ‘ஆங்க்கிள்’, ‘நீ’, ‘வேஸ்ட்’ ஆகிய சொற்களும் கூடவே மனத்தில் பதியும்.

‘ஹரிக்கேன்’, ‘டைஃபூன்’, ‘சைக்ளோன்’ மூன்றும் ஒரே வகைப் புயல்தான். அட்லாண்டிக், வடமேற்குப் பசிபிக், இந்தியப் பெருங்கடல் எனக் கடலுக்கேற்பப் பெயர் மாறுகிறது.

‘சுனாமி’க்கு மட்டும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். 2004 டிசம்பர் 26 அன்று அது பினாங்குக் கரையையும் தாக்கியதைத் தாத்தா பாட்டி தமிழிலேயே சொல்லட்டும். கடல் திடீரென உள்வாங்கினால் மீன் பொறுக்கப் போகாமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதை விளக்கி, ‘ரன் டு ஹை கிரவுண்ட்’ என்ற வாக்கியத்தைத் தடுமாறாமல் வரும்வரை சொல்லவையுங்கள்.