என்எஃப்எல் டிராஃப்ட்: ரசிகர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

இங்கே ஃபுட்பால் என்று சொல்வது அமெரிக்க ஃபுட்பாலை, அதாவது என்எஃப்எல்லை. ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு டிராஃப்ட் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும், ஏனென்றால் இங்கே பணத்தை அள்ளி வீசி யாரையும் தூக்க முடியாது. கல்லூரியில் ஆடிவிட்டு வரும் பையன்களை 32 அணிகளும் வரிசைப்படி எடுக்கும். போன சீசனில் படுமோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்குச் சுற்றின் கடைசி வாய்ப்பு, மொத்தம் ஏழு சுற்று. அந்த வாய்ப்புக்குப் பெயர்தான் பிக். பிடிக்கவில்லை என்றால் அதை இன்னொரு அணிக்குக் கொடுத்து வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளலாம், அடுத்த வருடங்களில் வரப்போகும் பிக்கைக்கூட இன்றைக்கே விற்கலாம். விபரீதம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஒரே ஒரு ஆட்டக்காரர் மேல் பைத்தியமாகி, அவருக்காக எதைக் கொடுத்தாலும் தகும் என்று நினைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. 1999இல் நியூ ஆர்லியன்ஸ் பயிற்சியாளர் மைக் டிட்கா செய்தது இதுதான். ரிக்கி வில்லியம்ஸ் என்ற ரன்னிங் பேக்கை (பந்தை ஏந்திக்கொண்டு ஓடுபவர்) ஐந்தாவது இடத்தில் எடுப்பதற்காக, அந்த வருடம் கையில் இருந்த பிக் எல்லாவற்றையும், போதாததற்கு 2000ஆம் ஆண்டின் முதல் சுற்று, மூன்றாம் சுற்று பிக்குகளையும் வாஷிங்டனுக்குத் தாரை வார்த்தார். ரிக்கி மணப்பெண் உடையிலும் டிட்கா மாப்பிள்ளை கோட்டிலும் நிற்கும் படம் பத்திரிகை அட்டையில் வந்தது, கல்யாணம் நடந்த வீடு மாதிரி ஒரே கொண்டாட்டம். அந்த சீசனில் அணி 3 வெற்றி, 13 தோல்வி. டிட்காவின் வேலையும் போனது. வாஷிங்டனோ அந்த வருடம் பிக்குகளை வைத்துப் பேரம் பேசி மேலே ஏறி, பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமுக்கு (ஜாம்பவான்களின் கௌரவப் பட்டியல்) போன சாம்ப் பெய்லியை எடுத்தது, மறு வருடம் நியூ ஆர்லியன்ஸின் பிக்கிலேயே லவார் ஆரிங்டனையும் எடுத்தது.

இதில் ரிக்கி மேல் எந்தக் குற்றமும் இல்லை. 2002இல் மயாமிக்குப் போய் 1,853 கெஜம் ஓடி லீகிலேயே முதலிடம் பிடித்த ஆள் அவர். ஆள் தேர்வில் கோளாறு கிடையாது, கொடுத்த விலையில்தான் கோளாறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் விவாதம் செய்தால் விடியும்வரை சண்டை போடலாம், ஒரு முடிவும் வராது.

அதே 1999 டிராஃப்டில் இன்னொரு கூத்து. ஃபிலடெல்ஃபியா ரசிகர்களுக்கும் ரிக்கிதான் வேண்டும். அவர்களுடைய அணி இரண்டாவது பிக்கில், பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டோனவன் மெக்னாபை எடுத்ததும், அரங்கில் கூடியிருந்தவர்கள் ஊளையிட்டு அவமானப்படுத்தினார்கள். அந்த மெக்னாப் அணியை ஐந்து முறை கான்ஃபரன்ஸ் (லீகின் ஒரு பாதி) இறுதி ஆட்டத்துக்கும் ஒரு முறை லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்கும் கொண்டுபோனார்.

இந்த மயக்கத்தில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் என்ன லாபம் என்பதற்கு 1989 டல்லாஸ் சாட்சி. கையில் இருந்த ஒரே நட்சத்திரம் ஹெர்ஷல் வாக்கர், அவரை மினசோட்டாவுக்குக் கொடுத்துவிட்டு ஆட்களும் பிக்குகளுமாக வாங்கிக் குவித்தார் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன். அந்த சீசனில் டல்லாஸ் ஜெயித்தது ஒரே ஆட்டம். ஆனால் அந்தப் பிக்குகளை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் எமிட் ஸ்மித் வந்தார், டேரன் உட்சன் வந்தார், 90களில் மூன்று சூப்பர் பவுலும் வந்தது.

கேட் மாசி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு பேர் பல வருட டிராஃப்டுகளை ஆராய்ந்தார்கள் (தேலர் பின்னாளில் பொருளாதார நோபல் வாங்கியவர்). ஒரே இடத்தில் ஆடும் இரண்டு பேர் அடுத்தடுத்து எடுக்கப்பட்டால், முன்னால் எடுக்கப்பட்டவர் மற்றவரைவிட நன்றாக ஆட வாய்ப்பு எவ்வளவு? சுமார் 52 சதவீதம். கிட்டத்தட்ட காசு சுண்டிப் போடுவதுதான். அப்படி இருக்க, ஒரு ஆளைத் துரத்திக்கொண்டு நான்கு வாய்ப்பை விடுவதா, ஒரு வாய்ப்பை விட்டு நான்கு வாங்குவதா என்று நீங்களே யோசியுங்கள். என்னைக் கேட்டால் பின்னால் இறங்கி அதிக பிக் சேர்க்கும் அணியைத்தான் எப்போதும் பாராட்டுவேன், அந்த இரவில் அது எவ்வளவு சலிப்பாகத் தெரிந்தாலும் சரி.

குவார்ட்டர்பேக் விஷயத்தில் மட்டும் இந்தக் கணக்கு தடுமாறும். கன்சாஸ் சிட்டி 2017இல் 27ஆம் இடத்திலிருந்து 10ஆம் இடத்துக்கு ஏற அடுத்த வருட முதல் சுற்று பிக்கையும் கொடுத்தது, கிடைத்தவர் பேட்ரிக் மஹோம்ஸ். யாரும் இன்றுவரை அந்த விலையைப் பற்றிக் குறை சொன்னதில்லை. அதே டிராஃப்டில் சிகாகோ வெறும் ஒரு இடம், மூன்றிலிருந்து இரண்டுக்கு ஏற, கூடுதலாக மூன்று பிக் கொடுத்து மிட்செல் ட்ருபிஸ்கியை எடுத்தது, அவரோ எதிர்பார்த்த அளவுக்கு ஆடவில்லை. சிகாகோக்காரர் யாரிடமாவது இதைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டும் என்றால் கொஞ்சம் தள்ளி நின்று பேசுங்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோ கதை இன்னும் வேடிக்கை. 2021இல் ட்ரே லான்ஸுக்காக 12ஆம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு ஏற, அடுத்த இரண்டு வருட முதல் சுற்று பிக்குகளும் ஒரு மூன்றாம் சுற்று பிக்கும் போயின. லான்ஸ் நிலைக்கவில்லை. 2023 ஆகஸ்டில் ஒரே ஒரு நான்காம் சுற்று பிக்குக்கு அவரை டல்லாஸுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்படி ஒரு சூதாட்டம் தோற்றால் பொது மேலாளர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆனால் 2022 டிராஃப்டின் கடைசி பிக்கில், 262ஆவது ஆளாக, அவர்கள் எடுத்த குவார்ட்டர்பேக் பிராக் பர்டி. அவரை வைத்துக்கொண்டு 2024 பிப்ரவரியில் சூப்பர் பவுலின் கூடுதல் நேரம்வரை போய் 25-22 என்று தோற்றார்கள்.

உடனே, "பார்த்தாயா, பிராடி 199, பர்டி 262, முதல் சுற்றெல்லாம் சும்மா" என்று ஒருவர் கிளம்புவார். இதுவும் தவறுதான். 2000 டிராஃப்டில், பின்னாளில் உச்சம் தொட்ட டாம் பிராடிக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போனார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நியூ இங்கிலாந்து அணியே அவருக்கு முன்னால் வேறு ஆறு பேரை எடுத்தது என்பதை வசதியாக மறந்துவிடுகிறோம். அவர் யார் என்று தெரிந்திருந்தால் ஆறாவது சுற்றுவரை காத்திருப்பார்களா? கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்பட்டு, ஆகஸ்ட் முகாமிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் பெயர் யாருக்கும் நினைவில் இல்லை, அதனால் கணக்கில் பிராடி மட்டும் நிற்கிறார்.

அடுத்தது பணம். ரசிகர்கள் அதிகம் சறுக்குவது இதில்தான், ஏனென்றால் சம்பள உச்சவரம்பு பற்றிப் பேசினாலே கொட்டாவி வருகிறது. 1994 முதல், 2010 ஒரு வருடம் தவிர, ஒவ்வொரு அணியும் ஆட்டக்காரர்களுக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று ஒரு எல்லை உண்டு, 2025இல் அது 27.92 கோடி டாலர். டிராஃப்டில் வரும் புதியவர்களின் சம்பளம் 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. 2010இல் முதல் பிக்காக வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதி செய்யப்பட்ட தொகை மட்டுமே 5 கோடி டாலர். அடுத்த வருடம் முதல் பிக்காக வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கு மொத்தமே சுமார் 2.2 கோடி. ஒரே வருடத்தில் இவ்வளவு சரிவு. அன்றிலிருந்து, நன்றாக ஆடும் இளம் குவார்ட்டர்பேக் ஒருவர் குறைந்த சம்பளத்தில் இருக்கும் அந்த நாலைந்து வருடம்தான் ஒரு அணிக்குப் பொற்காலம், மிச்சப் பணத்தில் சுற்றிலும் நட்சத்திரங்களை நிறுத்தலாம். பர்டி வருடத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கும் கீழே வாங்கிக்கொண்டிருந்தபோது சான் ஃபிரான்சிஸ்கோ செய்தது அதைத்தான். 2025இல் அவருக்கு ஐந்து வருடத்துக்கு 26.5 கோடி என்று ஒப்பந்தம் போட்டார்கள், அதே வருடம் டீபோ சாமுவேல் உட்பட பழைய முகங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. "ஏன் எல்லோரையும் விற்கிறார்கள்?" என்று கேட்பதற்கு முன் இந்த வரிசையைப் பாருங்கள்.

டென்வர் இதன் தலைகீழ். 2022இல் குவார்ட்டர்பேக் ரசல் வில்சனுக்காக இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்று, ஒரு ஐந்தாம் சுற்று பிக்குகள், கூடவே மூன்று ஆட்டக்காரர்கள். அவர் அங்கே ஒரு ஆட்டம் ஆடுவதற்கு முன்பே 24 கோடிக்கு மேல் புது ஒப்பந்தம். இரண்டே சீசனில் வெளியே அனுப்பினார்கள், ஆனால் ஏற்கெனவே வாக்குக் கொடுத்த தொகை கணக்கிலிருந்து போகாது, அதை டெட் மணி என்பார்கள், இங்கே அது 8.5 கோடி டாலர். 2024இல் வில்சன் பிட்ஸ்பர்க்குக்கு ஆடினார், பிட்ஸ்பர்க் கொடுத்தது சுமார் 12 லட்சம், மிச்சச் சம்பளத்தை டென்வர் கட்டியது! அவ்வளவு பாரத்தோடும் அந்த வருடம் டென்வர் பிளேஆஃப் போனது எப்படி? போ நிக்ஸ் என்ற ரூக்கி (முதல் வருட) குவார்ட்டர்பேக் ரூக்கி சம்பளத்தில் ஆடியதால்.

லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் பற்றிச் சொல்லாமல் விட்டால் யாராவது சண்டைக்கு வருவார்கள். 2017 முதல் 2023 வரை அவர்கள் முதல் சுற்றில் ஒருவரைக்கூட எடுக்கவில்லை, அந்தப் பிக்குகளில் பெரும்பாலானவற்றைப் பெரிய பெயர்களுக்காகக் கொடுத்தார்கள், 2022 பிப்ரவரியில் சூப்பர் பவுலும் வென்றார்கள். ஆகவே டிராஃப்டே வேண்டாம் என்று பாடம் படிப்பவர்கள், அந்த சூப்பர் பவுலின் சிறந்த ஆட்டக்காரர் கூப்பர் கப் மூன்றாம் சுற்றில் வந்தவர் என்பதைப் பார்ப்பதில்லை. 2023இல் பூகா நகுவா ஐந்தாம் சுற்றில் வந்து, முதல் சீசனிலேயே பந்தைப் பிடித்து 1,486 கெஜம் எடுத்து ரூக்கி சாதனை படைத்தார். முதல் சுற்றை விட்டாலும் மற்ற சுற்றுகளில் ராம்ஸ் அளவுக்குக் கவனமாகத் தேடிய அணிகள் குறைவு.

சரி, அணிக்கு எது இல்லையோ அதைத்தான் எடுக்க வேண்டும் என்ற பிடிவாதம். 1996இல் பால்டிமோருக்கு இது முதல் டிராஃப்ட், உரிமையாளருக்கு ரன்னிங் பேக் லாரன்ஸ் ஃபிலிப்ஸ் மேல் கண். ஆட்களைத் தேர்வு செய்யும் பொறுப்பில் இருந்த ஆஸி நியூசம், தன் பட்டியலில் மேலே இருந்த டேக்கிள் (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை ஆள்) ஜொனாதன் ஆக்டனை எடுத்தார். பிறகு 26ஆவது பிக்கில் ரே லூயிஸ். இருவரும் ஹால் ஆஃப் ஃபேம். குவார்ட்டர்பேக் இடத்தில் பிரெட் ஃபார்வ் ஆடிக்கொண்டிருந்தபோதே கிரீன் பே 2005இல் ஆரன் ராஜர்ஸை எடுத்தது, அதே ராஜர்ஸ் இருக்கும்போது 2020இல் ஜோர்டன் லவ்வை எடுத்தது. இரண்டு முறையும் கத்தல்தான். இன்றைய ஓட்டையை ஃப்ரீ ஏஜென்சியில் (ஒப்பந்தம் முடிந்தவர்களை வாங்கும் சந்தை) ஒருவரை வைத்து அடைக்கலாம், டிராஃப்டில் பார்க்க வேண்டியது இரண்டு மூன்று வருடம் தள்ளி.

இதிலும் கண்ணை மூடிக்கொண்டு போக முடியாது. 2021இல் சின்சினாட்டியின் குவார்ட்டர்பேக் ஜோ பரோ முழங்கால் அறுவை சிகிச்சையிலிருந்து திரும்பும் நேரம், எல்லோரும் அவரைக் காக்கும் முன்வரிசைக்கு லைன்மேன் பெனே சூவெல்லை எடுக்கச் சொன்னார்கள், அணி பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஜமார் சேஸை எடுத்தது. அந்த சீசனில் சேஸ் சிறந்த தாக்குதல் ரூக்கி, அணி சூப்பர் பவுல் போனது, அங்கே பரோவை ஏழு முறை தரையில் சாய்த்துத் தோற்கடித்தார்கள். சூவெல் டெட்ராய்டுக்குப் போய் லீகின் மிகச் சிறந்த டேக்கிள்களில் ஒருவரானார். யார் சொன்னது சரி? இரண்டு பக்கமும் இன்றைக்கும் வாதாடலாம், நான் சேஸ் கட்சி.

ரன்னிங் பேக் விவாதம் இதோடு ஒட்டியது. நியூயார்க் ஜயன்ட்ஸ் 2018இல் இரண்டாவது பிக்கில் சேக்வான் பார்க்லியை எடுத்தது, அணியில் அவருக்கு வழிவிடும் லைனே சரியாக இல்லை. அதே பார்க்லி 2024இல் ஃபிலடெல்ஃபியாவின் தாக்குதல் லைனுக்குப் பின்னால் ஓடி 2,005 கெஜம் எடுத்து, சூப்பர் பவுலும் வென்றார். டெட்ராய்ட் 2023இல் 12ஆவது பிக்கில் ஜமீர் கிப்ஸை எடுத்தபோது கிண்டல் செய்தவர்கள், அங்கே லைன் ஏற்கெனவே கட்டி முடிந்திருந்ததைக் கவனிக்கவில்லை. ரன்னிங் பேக் எடுப்பது தவறில்லை, எல்லாவற்றுக்கும் முன்னால் எடுப்பதுதான் தவறு.

கம்பைன் என்ற சோதனையில் 40 கெஜ ஓட்டத்தைப் பார்த்து வாயைப் பிளப்பதையும் நிறுத்தலாம். 2017இல் 4.22 விநாடியில் ஓடி அன்றைய சாதனையை முறியடித்த ஜான் ராஸ் ஒன்பதாவது பிக், பெரிதாக எதுவும் நடக்கவில்லை. மறு வருடம் 5.85 விநாடியில் தவழ்ந்து வந்த ஆர்லாண்டோ பிரவுன் மூன்றாம் சுற்றுக்குச் சரிந்து, பிறகு பல புரோ பவுல் (நட்சத்திர ஆட்டம்) பார்த்தார். கல்லூரி ஆட்டங்களின் காணொளி கண்முன்னே இருக்கும்போது ஸ்டாப்வாட்ச் எதற்கு?

டிராஃப்ட் முடிந்த மறுநாள் காலையிலேயே மதிப்பெண் போடுவது என்னைப் பொறுத்தவரை வெறும் பொழுதுபோக்கு. 2012இல் சியாட்டிலின் தேர்வுகளுக்கு ஃபெயில் மார்க் போட்டவர்கள் உண்டு. அந்த வருடம் அவர்கள் எடுத்தவர்களில் பாபி வாக்னரும் மூன்றாம் சுற்று ரசல் வில்சனும் இருந்தார்கள், இரண்டாவது சீசனிலேயே சூப்பர் பவுலை 43-8 என்று வென்றார்கள். சாம் டார்னால்டை எடுத்துக்கொள்ளுங்கள், 2018இன் மூன்றாவது பிக், நியூயார்க் ஜெட்ஸில் உதவாக்கரை என்று முத்திரை குத்தப்பட்டவர், 2024இல் மினசோட்டாவை 14 வெற்றிக்குக் கொண்டுபோனார். ஆள் மாறவில்லை, சுற்றியிருந்த அணி மாறியது. ஹூஸ்டன் 2002இல் முதல் பிக்காக எடுத்த டேவிட் கார் அந்த ஒரே சீசனில் 76 முறை சாய்க்கப்பட்டார், அதற்குப் பிறகு அவரைப் பார்த்து "இவன் தேறமாட்டான்" என்று சொல்வதில் என்ன நியாயம்?

கடைசியாக, நல்ல ஆட்டக்காரர் ஒருவர் ஃப்ரீ ஏஜென்ட்டாக வேறு அணிக்குப் போனதும் "சும்மா விட்டுவிட்டார்கள்" என்று பொங்குவது. பெரும்பாலும் சும்மா விடுவதில்லை. வாங்கியதைவிட அதிகம் இழந்த அணிக்கு, அடுத்த வருட டிராஃப்டில் மூன்று முதல் ஏழாம் சுற்றுவரை ஈட்டு பிக்குகள் கிடைக்கும், பால்டிமோர் வருடக்கணக்காக இதை ஒரு பழக்கமாகவே வைத்திருக்கிறது. பிராடியை எடுத்த அந்த 199ஆவது பிக்கும் அப்படி ஈடாக வந்ததுதான்.