டெக்சஸிலிருந்து கொலராடோவுக்கு எல்க் வேட்டை: முதல்முறை போகிறவர்களுக்குச் செலவுக் கணக்கு

டாலஸ், ஹூஸ்டன் பக்கம் மான் வேட்டைக்குப் போய்ப் பழகிய நம் ஆட்கள் அடுத்துக் கேட்பது கொலராடோவின் எல்க் என்கிற பெரிய மான் இனம் பற்றித்தான். எவ்வளவு ஆகும் என்று விசாரித்தால் ஒருவர் 1,500 டாலர் என்பார், இன்னொருவர் 10,000 என்பார். இரண்டும் உண்மையே. எப்படிப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இங்கே நான் எழுதுவது ஒரே ஒரு வகைப் பயணத்துக்கான கணக்கு. இரண்டு நண்பர்கள், கைடு கிடையாது, தேசிய வனப் பகுதியில் கூடாரம், சொந்த பிக்கப், அக்டோபர் கடைசி அல்லது நவம்பரில் வரும் துப்பாக்கி சீசன். நான் போட்டு, போய் வந்து, ரசீதுகளோடு ஒப்பிட்டுத் திருத்திய கணக்கு.

துப்பாக்கியும் ஸ்கோப்பும் உங்களிடம் இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன். மானுக்கு வைத்திருக்கும் .308 அல்லது 30-06 எல்க்குக்கும் போதும். புதுத் துப்பாக்கிக்கென்று பணம் ஒதுக்காதீர்கள். அந்தப் பணம் நல்ல பூட்ஸுக்கும், கோடையில் பயிற்சிக்குச் சுடும் தோட்டாக்களுக்கும் போகட்டும்.

படி 1: இரண்டு பத்திகளாகப் பிரியுங்கள்

கூகுள் ஷீட்ஸில் ஒரு தாள் திறந்து இரண்டு பத்திகள் போடுங்கள். முதலாவது ‘வெறுங்கையோடு திரும்பினால்’. இரண்டாவது ‘எல்க் விழுந்தால்’. பட்ஜெட் ஆப்கள் இதற்கு ஒத்துவராது. அவை மாதச் செலவுக்காகச் செய்யப்பட்டவை; நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்கிற செலவை வைக்க அவற்றில் இடமே இல்லை.

எல்லோரும் முதல் பத்தியை மட்டும் எழுதிவிட்டுக் கிளம்புகிறார்கள். பெரிய செலவு ஒளிந்திருப்பது இரண்டாவதில். அதற்கு 5-ஆம் படியில் வருகிறேன்.

படி 2: லைசென்ஸ்

வெளிமாநிலத்தவருக்கு எல்க் லைசென்ஸ் 800 டாலரைச் சுற்றி இருக்கிறது. ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறும். பயணத்தின் மிகப் பெரிய ஒற்றைச் செலவு இதுதான், பேரம் பேச வழியில்லை. இதோடு வனவிலங்கு வாழிட முத்திரைக் கட்டணமும் சேரும், அது சின்னத் தொகை.

வாங்குவதற்கு இரண்டு வழிகள். ஒன்று டிரா, அதாவது குலுக்கல். விண்ணப்பம் ஏப்ரல் முதல் வாரத்தில் முடிந்துவிடும். விண்ணப்பிக்கவே முதலில் ‘குவாலிஃபையிங் லைசென்ஸ்’ ஒன்று வாங்கியாக வேண்டும். அது நூறு டாலர் அளவில். குலுக்கலில் பெயர் வராவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. எல்க் லைசென்ஸ் பணத்தைப் பெயர் வந்த பிறகே கார்டில் எடுப்பார்கள். எனவே விண்ணப்பத்தில் கொடுத்த கார்டு அதற்குள் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று ஓவர் த கவுன்ட்டர், நேரடியாக வாங்குவது. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். குவாலிஃபையிங் லைசென்ஸ் செலவு மிச்சம். ஆனால் விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2025 முதல் வில் வேட்டைக்கு வரும் வெளிமாநிலத்தவர்களுக்கு இந்த வசதியைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். கொலராடோ பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் வெளியிடும் அந்தந்த ஆண்டுக் கையேட்டைப் படித்துவிட்டே பணம் கட்டுங்கள்.

ஹன்டர் எஜுகேஷன், அதாவது வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லோருக்கும் கட்டாயம். டெக்சஸ் சான்றிதழை ஏற்றுக்கொள்வார்கள். ஆரஞ்சு உடுப்பும் தலைக்கு ஆரஞ்சுத் தொப்பியும் வேண்டும், மலிவானதே போதும்.

படி 3: வண்டியும் பெட்ரோலும்

டாலஸிலிருந்து கொலராடோவின் குன்னிசன் வட்டாரம் சுமார் 900 மைல். போக வர 1,800, அங்கே சுற்ற 300 என்று வைத்தால் 2,100 மைல். பிக்கப் கேலனுக்கு 20 மைல் கொடுத்தால் 105 கேலன். 3 டாலர் விலையில் 315 டாலர், ஆளுக்கு 160 என்று எழுதுங்கள்.

டயர் செயின் வாங்கிக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் ஓர் இரவில் பனி கொட்டினால் இது இல்லாமல் அசைய முடியாது. காட்டுச் சாலையிலிருந்து வண்டியை இழுத்துவரக் கேட்கும் தொகை செயின் விலையைப் போலப் பல மடங்கு. வாடகை வண்டியில் போகலாம் என்று நினைத்தால் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள், தார்ச் சாலையை விட்டு இறங்கக்கூடாது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும்.

படி 4: தங்கலும் சாப்பாடும்

தேசிய வனத்தில் கூடாரம் போட்டுத் தங்க பெரும்பாலான இடங்களில் காசு கிடையாது. பொதுவாக 14 நாள் வரை ஒரே இடத்தில் இருக்கலாம். மோட்டலுக்கு மூன்று இரவுகள் போடுங்கள்: போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று, சீசன் தொடங்குவதற்கு முன் ஊருக்குள் ஒன்று. அந்த மூன்றாவதைக் குறைக்காதீர்கள். டாலஸ் கடல்மட்டத்திலிருந்து சில நூறு அடிதான். அங்கே நடக்கப்போவது 9,000, 10,000 அடியில். உடம்பு பழகாமல் நேரே மலையேறினால் தலைவலியும் குமட்டலும் வந்து, 800 டாலர் லைசென்ஸ் கூடாரத்துக்குள்ளேயே கழிந்துவிடும்.

சாப்பாட்டுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 25 டாலர் தாராளம். புளியோதரை மிக்ஸ், எம்டிஆர் பாக்கெட்டுகள், ஆவக்காய் எல்லாம் குளிரில் கெடாமல் இருக்கும். சுடச்சுட ரசம் கிடைத்தால் அந்தக் குளிரில் வேறெதுவும் வேண்டாம்.

வரைபடத்துக்கு ஆன்எக்ஸ் ஹன்ட் ஆப்தான் என் தேர்வு. தனியார் நிலம் எங்கே தொடங்குகிறது என்று துல்லியமாகக் காட்டும். ஒரு மாநிலத்துக்கான சந்தா மட்டும் போதும். போன் சிக்னல் கிடைக்காத இடம் என்பதால் கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் கருவியும் ஒரு மாதச் சந்தாவும் கட்டாயம். வீட்டில் இருப்பவர்களுக்கு இரவில் ஒரு குறுஞ்செய்தி போய்ச் சேர்வதற்காகவாவது இதை வாங்குங்கள்.

முதல் பத்தியைக் கூட்டலாம். லைசென்ஸ் 800, பெட்ரோல் 160, மோட்டலில் ஆளுக்குப் பாதி 150, ஒன்பது நாள் சாப்பாடு 225, ஆப், சந்தா, செயின், அடுப்பு கேஸ் எல்லாம் 150 (செயற்கைக்கோள் கருவியின் விலை தனி), எதிர்பாராததற்கு 150. மொத்தம் 1,635 டாலர்.

படி 5: எல்க் விழுந்த பிறகு

பொது நிலத்தில் நேரடி லைசென்ஸ் கிடைக்கும் பல பகுதிகளில் ஐந்தில் ஒருவருக்குக்கூட எல்க் கிடைப்பதில்லை. அதனால்தான் பலரும் இந்தப் பத்தியை எழுதுவதே இல்லை. ஆனால் அந்த ஒருவர் நீங்களாக இருந்தால், அன்று மாலையே பணம் தேவைப்படும்.

வளர்ந்த ஆண் எல்க்கில் எலும்பு நீக்கிய கறி மட்டும் ஏறக்குறைய 200 பவுண்டு வரும். டெக்சஸ் மானில் 40, 50 பவுண்டு பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த அளவு பிடிபடுவதே இல்லை. ஒருவர் முதுகில் ஒருமுறைக்கு 50 பவுண்டு என்றால் நான்கு நடை. வண்டி மூன்று மைல் தள்ளி நின்றால், சுமையோடும் சுமையில்லாமலும் சேர்த்து இருபது மைலுக்கு மேல் மலையில் நடக்க வேண்டும். உண்ணத்தக்க கறியைக் காட்டிலேயே விட்டுவிட்டு வருவது கொலராடோ சட்டப்படி குற்றம். அறத்தின்படியும் அது பெரும் தவறு. ஓர் உயிரை எடுத்தால் அதன் கறி முழுவதும் வீடு வந்து சேர வேண்டும். அதற்கான பணமும் பலமும் இல்லையென்றால் சுடக்கூடாது.

எனவே கிளம்புவதற்கு முன்பே, குதிரையில் கறி இறக்கித் தருபவர்களைத் தேடி இரண்டு எண்களைக் குறித்து வையுங்கள். அவர்கள் மாநிலத்தில் பதிவு செய்த அவுட்ஃபிட்டராக, அதாவது வேட்டைப் பயணச் சேவை தருபவராக, இருக்க வேண்டும். தூரத்தைப் பொறுத்துப் பல நூறு டாலர் கேட்பார்கள். என் தாளில் 500 என்று வைத்திருக்கிறேன். எல்க் விழுந்த இடத்திலிருந்து வண்டி வரை எவ்வளவு, அன்றே வர முடியுமா, மறுநாள்தானா என்று இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். அக்டோபரில் பகல் வெயில் இன்னும் சூடாக இருக்கலாம். தொடை எலும்பை ஒட்டிய கறிதான் முதலில் கெடும், அதனால் தாமதம் நேரே நஷ்டம்.

அடுத்தது வெட்டித் தரும் கடை. பவுண்டுக்கு ஒன்றரை டாலர் என்று வைத்தால் 200 பவுண்டுக்கு 300. சீசனில் வரிசை நீளம், ஊர் திரும்பும் தேதிக்குள் முடியாது என்று சொல்லிவிடுவார்கள். நான் எப்போதும் பரிந்துரைப்பது, கறியை ஐஸில் வைத்து டெக்சஸுக்குக் கொண்டுவந்து வீட்டிலேயே வெட்டிக்கொள்வது. அப்படிச் செய்தால் பெரிய கூலர்கள் இரண்டும் ஐஸுக்கு 60 டாலரும் போதும். வரும் வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் உருகிய நீரை வடித்துவிட்டுப் புது ஐஸ் போடுங்கள்.

மான் இன விலங்குகளின் மூளையைத் தாக்கும் சிடபிள்யூடி என்கிற நோய் கொலராடோவில் இருப்பதால், முதுகெலும்போ தலையோ முழுதாக டெக்சஸுக்குள் கொண்டுவர முடியாது. எலும்பு நீக்கிய கறிக்குத் தடையில்லை. தலையிலிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதிக்க 25 டாலர் ஒதுக்குங்கள், முடிவு வரும்வரை சமைக்காமல் இருங்கள்.

இன்னும் ஒன்று. 200 பவுண்டு கறியை எங்கே வைப்பீர்கள்? ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் இடம் கிடைக்காது. ஒரு கன அடிக்கு 35 பவுண்டு என்ற கணக்கில் 7 கன அடி செஸ்ட் ஃப்ரீசர் தேவை. 250 டாலர் வரை ஆகும். போவதற்கு முன்பே வாங்கி ஓடவிட்டுவிடுங்கள்.

குதிரை, வெட்டுக்கூலி, ஐஸ், பரிசோதனை, ஃப்ரீசர் எல்லாம் சேர்த்தால் 1,135 டாலர். வெட்டுக்கூலியை விட்டால் 835. தலையைப் பாடம் செய்து சுவரில் மாட்ட ஆசையிருந்தால் இன்னும் ஆயிரத்துக்கு மேல். நான் அதைப் பட்ஜெட்டிலேயே சேர்ப்பதில்லை. கறிக்கு இருக்கும் செலவே பெரிது. எல்க் கறியில் கொழுப்பு மிகக் குறைவு. மிளகு வறுவலுக்கு எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், அதிகம் வேகவிட்டால் விறைத்துவிடும்.

படி 6: பணம் எப்போது தேவை

டிராவில் போனால் வசந்தத்திலேயே தொடங்குகிறது. நேரடி லைசென்ஸ் ஆகஸ்டில். இரண்டாம் பத்திப் பணத்தைத் தனி சேமிப்புக் கணக்கில் போட்டு, கார்டு வரம்பில் அவ்வளவு இடமும் விட்டு வையுங்கள். எல்க் கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு லைசென்ஸுக்கு அதுவே ஆகும்.

கைடு வைத்துப் போக நினைப்பவர்களுக்கு 6,000 டாலருக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது, டிப்பும் தனி.

பின்சேர்க்கை 1: எச்-1பி விசாவில் இருப்பவர்கள்

இந்தக் கேள்வி அடிக்கடி வருவதால் இங்கேயே எழுதுகிறேன். குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விலக்கு உண்டு. நண்பருடைய துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் அந்தத் தடையில் அடங்கும். அதாவது ஜூலையில் பயிற்சிக்குச் சுடும்போதும் நடப்பு லைசென்ஸ் இருக்க வேண்டும். டெக்சஸ் லைசென்ஸ் ஆகஸ்ட் 31-இல் முடியும், மறுநாளிலிருந்து புதியது தேவை. டெக்சஸில் வசிப்பவருக்கு அது 25 டாலர்தான். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. வில்லும் அம்பும் இந்தச் சட்டத்தில் வராது. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞருக்கு ஒரு மணி நேரக் கட்டணத்தை முதல் பத்தியில் சேர்த்துவிடுங்கள். விசா அதைவிட விலை மதிப்பானது.

பின்சேர்க்கை 2: விமானத்தில் போனால்

பெட்ரோலும் இரண்டு மோட்டல் இரவுகளும் மிச்சமாகும். திரும்பும்போது கணக்கு மாறிவிடும். பெட்டிக்கு 50 பவுண்டு வரம்பு என்றால் 200 பவுண்டு கறிக்கு நான்கு பெட்டிகள் வேண்டும். பயணி ஒருவருக்கு 2.5 கிலோ ட்ரை ஐஸுக்கு மேல் அனுமதி இல்லை, அதற்கும் விமான நிறுவனத்திடம் முன்பே சொல்ல வேண்டும். எல்க் விழுந்தால் வாடகை பிக்கப் ஒன்றை ஒருவழிக்கு எடுத்துக்கொண்டு சாலை வழியாகவே ஊர் திரும்பத் தயாராக, அந்த வாடகையையும் இரண்டாம் பத்தியில் எழுதி வையுங்கள்.