பரம வைரிகளின் ஆட்டத்தைப் பெரிய அரங்கத்துக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2007 நவம்பர் 24 அன்று இரவு, கான்சஸ் சிட்டி நகரின் தொழில்முறை அணி ஆடும் ஆரோஹெட் அரங்கத்தில் 80,537 பேர் கூடியிருந்தார்கள். கான்சஸ், மிசௌரி ஆகிய இரு பல்கலைக்கழகங்களும் 1891 முதல் மோதிவரும் ஃபுட்பால் ஆட்டம் அது. நாம் கால்பந்து என்று சொல்லும் விளையாட்டு அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஆட்டம். அந்த ஆண்டு இரண்டு அணிகளுமே நாட்டின் முன்னணி வரிசையில் இருந்தன. மிசௌரி 36–28 என்று வென்று தரவரிசையில் முதலிடத்துக்கு ஏறியது. முறைப்படி பார்த்தால் அது கான்சஸின் சொந்த மைதான ஆட்டம். ஏறக்குறைய 50,000 பேர் அமரக்கூடிய, லாரன்ஸ் நகரத்து வளாக மைதானத்தில் நடந்திருக்க வேண்டியது. கூடுதலாக 30,000 இருக்கைகள் கிடைத்தன என்பதால் அந்த மாற்றம் பெரும் வெற்றி என்றே அன்று எண்ணப்பட்டது. ஆனால் இத்தகைய மாற்றங்களில் நேரும் தவறுகள் ஏறக்குறைய எல்லாமே அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகின்றன: கூடும் இருக்கைகளை எண்ணுகிறவர்கள், வளாகத்திலிருந்து கழிவதை எண்ணுவதில்லை.

அப்படிக் கழிவதில் முதலாவது, சீசன் டிக்கெட்டின் மதிப்பு. ஒரு பல்கலைக்கழகம் ஆண்டொன்றுக்குத் தன் மைதானத்தில் ஆறு அல்லது ஏழு ஆட்டங்களே ஆடுகிறது. அவற்றில் எளிய எதிரணிகளோடு நடக்கும் ஆட்டங்களும் உண்டு. அவற்றையும் சேர்த்து ஒரு கட்டாக ரசிகர் வாங்குகிறார் என்றால், அந்தக் கட்டில் பரம வைரியோடு மோதும் ஆட்டமும் இருக்கிறது என்பதே முக்கியமான காரணம். நல்ல இருக்கை கிடைப்பதற்காக ஆண்டுதோறும் நன்கொடை கொடுப்பவர்களின் கணக்கும் அதே ஆட்டத்தைச் சுற்றித்தான் அமைகிறது. அதை உருவி வேறு ஊருக்குக் கொண்டுபோனால் மிச்சமிருக்கும் ஆட்டங்களும் விலை இறங்குகின்றன. பெரிய அரங்கத்தின் டிக்கெட் வசூலை மட்டும் சொந்த மைதான வசூலோடு ஒப்பிட்டால் இந்த இழப்பு கண்ணில் படாது. அதோடு, தொழில்முறை அணிகளின் அரங்கங்களில் வாகன நிறுத்தம், உணவுக் கடை, தனி அறைகள் ஆகியவற்றின் வருமானம் யாருக்குப் போகிறது என்பதை ஒப்பந்தம்தான் தீர்மானிக்கிறது. சொந்த மைதானத்தில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. லாரன்ஸ் போன்ற கல்லூரி நகரத்தின் விடுதிகளும் உணவகங்களும் இழக்கும் வார இறுதி வியாபாரம் எந்தப் பல்கலைக்கழகத்தின் கணக்கேட்டிலும் ஏறாது, ஆனால் அந்த ஊர்க்காரர்கள் அதை நெடுநாள் நினைவில் வைத்திருப்பார்கள்.

அடுத்த தவறு, மிகச் சிறந்த ஆண்டை வழக்கமான ஆண்டாக எடுத்துக்கொள்வது. ஆரோஹெட்டின் இரண்டாம் ஆட்டமும் ஏமாற்றவில்லை. 2008-இல் கடைசி 27 விநாடிகள் மீதமிருக்க, கடைசி வாய்ப்பான நான்காம் முயற்சியில், டாட் ரீசிங் எறிந்த 26 கெஜப் பந்தை கெர்ரி மையர் எதிரணியின் எல்லைக்குள் பிடித்து டச் டவுன் எடுக்க, கான்சஸ் 40–37 என்று வென்றது. அடுத்த ஆண்டு மிசௌரி, நேரம் முடியும் தறுவாயில், கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து எடுத்த பீல்ட் கோலால் 41–39 என்று வென்றது. ஆனால் 2007-இல் 12 ஆட்டங்களை வென்று ஒன்றில் மட்டும் தோற்ற கான்சஸ், 2010-இல் மூன்று ஆட்டங்களையும் 2011-இல் இரண்டு ஆட்டங்களையும் மட்டுமே வென்றது. அந்த அளவுள்ள அரங்கத்தில் காலி இருக்கைகள் தென்படத் தொடங்கின. 50,000 பேர் மைதானத்தில் 45,000 பேர் வந்தால் அது ஆரவாரமாகத் தெரியும். 80,000 பேர் அரங்கத்தில் அதே 45,000 பேர் சிதறி அமர்ந்தால் ஆட்டமே களையிழந்து போகும். எனவே திட்டமிடுகிறவர்கள் இரண்டு அணிகளும் சரிந்து கிடக்கும் ஆண்டைக் கற்பனை செய்துகொண்டு, அந்த ஆண்டில் எத்தனை டிக்கெட் விற்கும் என்று கேட்க வேண்டும்.

எது 'பொது' மைதானம், அதாவது இரு தரப்புக்கும் சொந்தமில்லாத இடம், என்பதை வரைபடத்தை வைத்து முடிவுசெய்வது இன்னொரு பெரிய தவறு. ஆரோஹெட் அரங்கம் மிசௌரி மாநிலத்தில் இருக்கிறது. ஆனால் கான்சஸ் வளாகத்திலிருந்து ஏறக்குறைய 75 கிலோமீட்டர், மிசௌரி வளாகத்திலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். மாநில எல்லையைப் பார்ப்பவருக்கு ஒரு தரப்பும், பயணத் தூரத்தைப் பார்ப்பவருக்கு மறு தரப்பும் சலுகை பெற்றதாகத் தோன்றும். இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு அலபாமா மாநிலத்தில் இருக்கிறது. அங்குள்ள அலபாமா, ஆபர்ன் பல்கலைக்கழக அணிகள் 41 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 1948-இல் மீண்டும் ஆடத் தொடங்கியபோது, பர்மிங்ஹாம் நகரின் லீஜியன் ஃபீல்ட் அரங்கமே பொது இடம் என்று முடிவானது. 1988 வரை ஆண்டுதோறும் ஆட்டம் அங்கேதான். டிக்கெட்டுகளும் நெடுங்காலம் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டன. ஆனால் அலபாமா தன் மற்ற சொந்த ஆட்டங்கள் பலவற்றையும் அதே அரங்கத்தில் ஆடிவந்தது. அந்த உடைமாற்றும் அறையும் புல்தரையும் தெருக்களும் அவர்களுக்குப் பழகியவை. டிக்கெட் பாதிப்பாதி என்றாலும், ஆபர்ன் ரசிகருக்கு அது எதிரியின் வீட்டு முற்றமாகவே பட்டது. அந்த உணர்வை வெறும் புலம்பல் என்று ஒதுக்கியவர்கள் தவறு செய்தார்கள் என்பதே என் கருத்து.

ஆபர்னின் கதை வேறொன்றையும் சொல்கிறது. பெரிய அரங்கம் வேண்டும் என்ற காரணம் நிலையானதல்ல, ஏனெனில் வளாக மைதானங்களும் வளர்கின்றன. 1987-க்குள் ஆபர்னின் ஜோர்டன்–ஹேர் மைதானம் 85,000 பேருக்கு மேல் அமரும்படி விரிவாக்கப்பட்டு, லீஜியன் ஃபீல்டைவிடப் பெரிதாகிவிட்டது. 1989 டிசம்பர் 2 அன்று அலபாமா முதன்முறையாக ஆபர்ன் நகருக்கு வந்து ஆடியது. ஆட்டத்துக்கு முன்பு ஆபர்ன் வீரர்கள் விடுதியிலிருந்து மைதானத்துக்கு நடந்து வருவது அங்கே வழக்கம். அன்று டொனஹ்யூ டிரைவ் சாலையின் இருபுறமும் கூட்டம் நெருக்கியடித்து நின்றதால், வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக, நீட்டிய கைகளுக்கு இடையே புகுந்து செல்ல வேண்டியிருந்தது. அதுவரை தோல்வியே காணாத அலபாமாவை ஆபர்ன் 30–20 என்று வென்றது. வாடகைக்கு எடுத்த எந்த அரங்கத்தின் வாசலிலும் அப்படியொரு காட்சியை உருவாக்க முடியாது. இதை இடமாற்றத்துக்கு முன்பே எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு என்பதுதான் வருத்தம்.

அப்படியானால் பொது மைதானமே கூடாதா என்று கேட்டால், கூடும். டெக்சஸ், ஓக்லஹோமா அணிகள் 1929 முதல் ஆண்டுதோறும் டல்லாஸ் நகரில் ஆடிவருகின்றன. இரண்டு வளாகங்களுக்கும் டல்லாஸ் ஏறக்குறைய நடுவழி. ஒவ்வொன்றும் சுமார் 300 கிலோமீட்டர். ஆட்டம் நடக்கும் காட்டன் பௌல் அரங்கம் மாநிலக் கண்காட்சித் திடலுக்குள்ளேயே இருக்கிறது, ஆட்ட டிக்கெட் இருந்தால் கண்காட்சிக்கும் போகலாம். காலையில் ராட்டினத்தின் அடியில், குச்சியில் செருகிப் பொரித்த கார்ன் டாக் தின்றபடி நடப்பவர்கள் உள்ளே நுழைந்ததும், களத்தின் நடுவான ஐம்பது கெஜக் கோட்டில் கத்தியால் வெட்டியது போல ஒரு பாதி செம்மஞ்சளாகவும் மறு பாதி கருஞ்சிவப்பாகவும் பிரிந்துவிடுகிறார்கள். இரண்டு அணிகளும் ஒரே சுரங்க வழியாகத்தான் களத்துக்கு வர வேண்டும். அந்த ஆட்டத்துக்கு அந்த இடமே வீடாகிவிட்டது. அருகிலுள்ள ஆர்லிங்டனில் 2009-இல் புத்தம் புதிய பிரம்மாண்ட அரங்கம் திறக்கப்பட்டபோதும் ஆட்டம் அங்கே போகவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே காட்டன் பௌலை 92,000 பேர் அமரும்படி நகரம் விரிவாக்கியிருந்தது.

கிராம்பிளிங், சதர்ன் ஆகிய, கறுப்பின மக்களின் வரலாற்றோடு பிணைந்த இரு பல்கலைக்கழகங்கள் 1974 முதல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆடும் ஆட்டமும் அப்படித்தான். நன்றி கூறும் நாளையொட்டிய வார இறுதியில், குடும்பங்கள் எப்படியும் ஒன்றுகூடும் வேளையில் அது நடக்கிறது. இரு வாத்தியக் குழுக்களின் மோதலைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் ஏராளம். ஓர் ஊரும் ஒரு தேதியும் ஆட்டத்தோடு சேர்ந்தே வளர்ந்த இடங்களில் பொது மைதானம் நிலைக்கிறது. இரண்டு ஆண்டு ஒப்பந்தம், பிறகு மேலும் இரண்டு ஆண்டு நீட்டிப்பு என்று போனால், ரசிகர் அங்கே எந்தப் பழக்கத்தையும் உருவாக்கிக்கொள்வதற்குள் காலம் முடிந்துவிடுகிறது.

மாணவர்களைக் கடைசியில் நினைத்துப் பார்ப்பதும் அடிக்கடி நிகழும் தவறு. வளாகம் என்றால் மாணவர் தன் விடுதியிலிருந்து நடந்தே மைதானத்துக்கு வந்துவிடுவார். வேறு ஊர் என்றால் பேருந்து, தங்குமிடம், செலவு என்று எல்லாமே சுமைதான். ஆட்டத்தின் இரைச்சலில் பெரும்பங்கு அவர்களுடையது. அவர்களுக்கான இருக்கைகளின் எண்ணிக்கை, விலை, இடம் ஆகிய மூன்றையும் அரங்கத்தோடு போடும் முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். மிச்சமானதை மாணவருக்குக் கொடுப்போம் என்று விட்டால், அவர்கள் மேல்தளத்தின் மூலையில்தான் போய் உட்கார்வார்கள்.

பயிற்சியாளர்களின் கவலை வேறு வகையானது. வளாக ஆட்டத்துக்கு உயர்நிலைப்பள்ளி வீரர்களை அழைத்து உபசரித்து, தங்கள் அணியில் சேரும்படி ஈர்க்க முடியும். பொது மைதானத்தில் அதற்கு விதிகள் அப்படி இடம் தருவதில்லை. புளோரிடாவோடு ஜாக்சன்வில் நகரில் ஆடும் ஜார்ஜியாவின் பயிற்சியாளர் கிர்பி ஸ்மார்ட் இந்தக் குறையை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். பெரிய ஆட்டத்தின் வார இறுதிதான் ஒரு பல்கலைக்கழகத்தின் மிகச் சிறந்த விளம்பரம் என்பதால், இதைச் சில்லறை விஷயமாக எண்ணுவது பிழை.

புல்தரையையும் மறக்கக் கூடாது. 2007-இல் சனிக்கிழமை இரவு கான்சஸ்–மிசௌரி ஆட்டம் முடிந்த மறுநாளே, அதே இயற்கைப் புல்லில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் தொழில்முறை அணி ஓக்லண்ட் ரெய்டர்ஸை எதிர்கொண்டது. தரைக்குச் சேதம் நேர்ந்தால் பொறுப்பு யாருடையது, கோடுகளையும் சின்னங்களையும் மாற்ற எத்தனை மணி நேரம் என்பவற்றை முன்பே பேசி முடிக்க வேண்டும்.

ஒப்பந்தம் எழுதும்போது, அரங்கமே இல்லாமல் போகும் நிலைக்கும் வழி வைக்க வேண்டும். 1933 முதல் ஜாக்சன்வில்லில் நடந்துவரும் ஜார்ஜியா–புளோரிடா ஆட்டம், அங்குள்ள அரங்கம் இடித்துக் கட்டப்பட்டதால் 1994-இல் கெயின்ஸ்வில்லிலும் 1995-இல் ஏதன்ஸிலும், அதாவது இரு அணிகளின் சொந்த மைதானங்களில் ஆளுக்கொரு முறை நடந்தது. இப்போதைய சீரமைப்புக்காக 2026-இல் ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவுக்கும் 2027-இல் புளோரிடா மாநிலத்தின் டம்பாவுக்கும் போகும்படி முடிவுசெய்யப்பட்டது. இரண்டு மாநிலங்களுக்கும் ஒவ்வொரு ஆண்டு என்ற சமநிலை இரண்டு முறையும் காக்கப்பட்டிருப்பதைக் கவனிக்கலாம். மாற்று இடத்தில் இத்தகைய நியாயத்தை எழுத்தில் உறுதிசெய்யாத ஒப்பந்தம், முதல் நெருக்கடியிலேயே சண்டையில் முடியும்.

அணிகள் சேர்ந்திருக்கும் லீக் மாறும் நிலையும் அதே ஒப்பந்தத்தில் வர வேண்டும். 2011-ஆம் ஆண்டு ஆட்டத்துக்குப் பிறகு மிசௌரி வேறு லீக்குக்குப் போனது. கான்சஸோடு ஆடிய ஃபுட்பால் ஆட்டம் அத்துடன் நின்றுபோனது. 14 ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பரில் இரண்டு அணிகளும் மீண்டும் சந்தித்தபோது, ஆட்டம் ஆரோஹெட்டுக்குப் போகவில்லை. அது மிசௌரியின் சொந்த ஊரான கொலம்பியாவில், வளாக மைதானத்திலேயே நடந்தது.