அயல்நாட்டார் நாட்குறிப்புகளைச் சான்றாகக் கொள்ளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மானிய மிஷனரியான சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று, அப்போது டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் கரையிறங்கினார். அவரும் அவருக்குப் பின் வந்த மிஷனரிமாரும் எழுதி, ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பிய நாட்குறிப்புகளும் கடிதங்களும் பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிக விரிவான சான்றுகளுள் அடங்கும். ஊர் வரலாறு எழுதுவோர், திருச்சபை மலர் தொகுப்போர், ஆய்வு மாணவர்கள் எனப் பலரும் அவற்றை மேற்கோள் காட்டுகின்றனர். ஆனால் ஒரு நாள் நடந்த நிகழ்ச்சிக்கும் அது நம் கைக்கு வந்து சேரும் அச்சுப் பக்கத்துக்கும் இடையே எவரெவர் கை பட்டது என்று கேளாமலேயே பெரும்பாலான மேற்கோள்கள் எடுக்கப்படுகின்றன. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கேள்வியைக் கேளாமல் விடுவதிலிருந்தே பிறக்கின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அச்சில் உள்ளதையே நாட்குறிப்பு என்று கொள்வது. இதற்கு, ஆப்பிரிக்காவில் பயணம் செய்த மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டனின் 1871-ஆம் ஆண்டுக் குறிப்புகளைவிடத் தெளிவான சான்று வேறில்லை. இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசில், லுவாலாபா ஆற்றங்கரையிலுள்ள நியாங்வே என்னும் ஊரில் தங்கியிருந்தபோது அவரிடம் தாளும் மையும் தீர்ந்துபோயின. பழைய ஆங்கிலச் செய்தித்தாளின் பக்கங்களைத் திருப்பிவைத்து, அச்செழுத்துகளுக்குக் குறுக்கே, அங்குக் கிடைத்த ஒரு செடியின் கனிச்சாற்றை மையாகக் கொண்டு எழுதினார். அவ்வாண்டு ஜூலை 15 அன்று நியாங்வே சந்தையில் அடிமை வணிகரின் ஆட்கள் சுட்டதில் நூற்றுக்கணக்கானோர், பெரும்பாலும் பெண்கள், இறந்ததை அவர் அந்தத் தாள்களில்தான் முதலில் பதிவு செய்தார். பின்னர் அக்குறிப்புகளை ஒரு பெரிய ஏட்டில் திருத்தி எழுதினார். 1873-இல் அவர் இறந்தபின், அவருடைய நண்பர் ஹொரேஸ் வாலர் அந்த ஏட்டை அடிப்படையாகக் கொண்டு 1874-இல் இரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தார். உலகம் நூறாண்டுக்கும் மேலாக வாசித்தது இந்த மூன்றாம் நிலை உரையைத்தான்.

செய்தித்தாளில் எழுதிய மை மங்கி, கண்ணுக்குத் தெரியாத நிலைக்குப் போய்விட்டது. பல அலைநீள ஒளியில் படமெடுக்கும் முறையைக் கையாண்டு ஆய்வாளர்கள் அதை மீட்டு 2011-இல் வெளியிட்டபோது, முதற்குறிப்புக்கும் அச்சு நூலுக்கும் இடையே வேறுபாடுகள் இருப்பது தெரிந்தது. லிவிங்ஸ்டனின் தேவைக்காகக் கடற்கரையிலிருந்து அனுப்பப்பட்ட ஆட்களின் நடத்தை குறித்து முதற்குறிப்பில் உள்ள கலக்கமும் ஐயமும் பின்வந்த உரையில் மட்டுப்படுத்தப்பட்டிருந்தன. இங்கிலாந்தில் அந்தப் படுகொலைச் செய்தி எழுப்பிய கொந்தளிப்பு 1873-இல் சான்சிபார் அடிமைச் சந்தை மூடப்படுவதற்குத் துணைநின்றது என்பதை நினைத்தால், இவ்வேறுபாட்டைப் பிழைதிருத்தும் வேலையாகக் கருதிக் கடந்துவிட முடியாது. அந்த நாளின் வரலாற்றை எழுத முனைபவர் எந்த நிலை உரையிலிருந்து எடுக்கிறார் என்பதைத் தம் வாசகருக்குச் சொல்லியாக வேண்டும்.

தரங்கம்பாடிக் குறிப்புகளுக்கும் இது பொருந்தும். ஹாலேயில் 1710 முதல் 1772 வரை 108 பகுதிகளாக வெளிவந்த அறிக்கைகளை முதலில் பதிப்பித்தவர் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே. அவ்வறிக்கைகள் ஐரோப்பாவில் மிஷன் பணிக்கு ஆதரவும் நன்கொடையும் திரட்டுவதற்கு உதவின. ஆதலால் மிஷனரிகளுக்குள் எழுந்த பூசல்களையும், ஆதரவாளருக்கு மனக்குறை தரக்கூடிய செய்திகளையும் பதிப்பாசிரியர்கள் நீக்கினர் அல்லது சுருக்கினர். தமிழர் சமயத்தைப் பற்றிய விரிவான விளக்கங்களையும் அவர்கள் விரும்பவில்லை. தென்னிந்தியத் தெய்வங்களின் வமிசாவளியைப் பற்றிச் சீகன்பால்கு 1713-இல் எழுதி முடித்து அனுப்பிய நூல் ஹாலேயிலேயே கிடந்து, 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. அச்சிட்ட அறிக்கைகளை மட்டும் படித்துவிட்டு, மிஷனரிகள் இந்த மண்ணின் சமயத்தை அறிய முயலவில்லை என்று முடிவு கட்டுவது, பதிப்பாசிரியரின் விருப்பத்தை எழுதியவரின் தலையில் சுமத்துவதாகும். கையெழுத்துப் படிகள் ஹாலேயிலுள்ள பிராங்கே நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரு செய்தி இன்றியமையாததாக இருந்தால் அங்கே ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை.

அடுத்தது தேதி. இதில் நம்மவர் அடிக்கடி சறுக்குகிறார்கள். டென்மார்க் 1700-இலேயே, இன்று நாம் கையாளும் கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 செப்டம்பரில்தான் மாறியது. ஆகவே இடைப்பட்ட அரை நூற்றாண்டுக் காலத்தில் டேனியரின் தரங்கம்பாடியிலும் ஆங்கிலேயரின் சென்னைக் கோட்டையிலும் ஒரே நாளுக்கு 11 நாள் வேறுபாட்டுடன் தேதி எழுதினார்கள். சீகன்பால்கு கரையிறங்கிய ஜூலை 9 ஆங்கிலேயக் கணக்கில் ஜூன் 28 ஆகும். ஆங்கிலேயரின் சட்டபூர்வ ஆண்டு அப்போது மார்ச் 25 அன்று தொடங்கியதால் ஆண்டும்கூட மாறலாம்: அவர் மறைந்த 1719 பிப்ரவரி 23-ஐ அக்காலத்து ஆங்கிலேய எழுத்தர் 1718 பிப்ரவரி 12 என்று எழுதியிருப்பார். இரண்டு ஆவணங்களைப் பக்கத்தில் வைத்து, கடிதம் எழுதப்படும் முன்பே பதில் வந்துவிட்டதே என்று வியப்பவர்களும், ஒரே நிகழ்ச்சியை இரண்டாக எண்ணிக்கொள்பவர்களும் முதலில் இக்கணக்கைச் சரிபார்க்க வேண்டும். எழுதியவர் எந்த நாட்டவர் என்பதைவிட, எந்தக் கோட்டையின் நிழலில் இருந்து, யாருக்கு எழுதினார் என்று பார்ப்பதே பயன் தரும். ஜெர்மானிய மிஷனரியான பெஞ்சமின் சூல்சே சென்னையிலிருந்து எழுதிய தாள்களைக் கையாளும்போது இந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.

கடற்பயணக் குறிப்புகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அக்காலத்தில் கப்பல் நாள் நண்பகலில் தொடங்கியது. தரைக்கணக்கில் ஏப்ரல் 28 நண்பகல் வந்தவுடனேயே கப்பல் ஏட்டில் ஏப்ரல் 29 பிறந்துவிடும். ஜேம்ஸ் குக் ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாவில் இறங்கியது அவர் ஏட்டின்படி 1770 ஏப்ரல் 29 பிற்பகல். தரைக்கணக்குக்கு மாற்றினால் அது 28. ஆனால் பசிபிக் பெருங்கடலை மேற்கு நோக்கிக் கடந்தபோது அவர் தேதியை ஒரு நாள் கூட்டிக்கொள்ளவில்லை. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆஸ்திரேலியாவின் இன்றைய முறையில் மீண்டும் 29 ஆகிவிடும். ஒரு திருத்தத்தை மட்டும் செய்து நிறுத்திக்கொள்பவர், எந்தத் திருத்தமும் செய்யாதவரைவிடத் தவறான தேதியைப் போய்ச் சேர்வார்.

தொலைவுகளிலும் கவனம் தேவை. ஜெர்மானியரின் மைல் ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டர்; ஆங்கில மைல் ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மொழிபெயர்ப்பில் இரண்டும் மைல் என்றே வந்துவிடுவதால், ஓர் ஊரை அது இருக்க வேண்டிய தொலைவைவிட மிகக் குறைந்த தொலைவில் தேடி, இல்லை என்று கைவிட நேரும்.

அதிகாரிகளின் குறிப்புகளைப் படிப்போர் செய்யும் தவறு சற்று வேறானது. திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்த மறு ஆண்டே, பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவரை, கைப்பற்றிய நாடுகளைப் பார்த்து அறிக்கை தருமாறு ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி பணித்தார். சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கொங்கு நாடு, மலபார், கனரா எனச் சுற்றிய அவரது குறிப்பு 1807-இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. பயிர், பாசனம், நெசவு, வரி, சாதிகளின் வழக்கம் என்று வினவ வேண்டியவை அவருக்கு முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருந்தன. ஆகவே அவர் எழுதாத ஒன்று அந்த ஊரில் இல்லை என்று முடிவு செய்வது பிழை. அதைக் கேட்குமாறு அவரை யாரும் பணிக்காமல் இருந்திருக்கலாம். அதேபோல், கோயம்புத்தூர்ப் பக்கம் அவர் கண்ட பாழடைந்த ஊர்களையும் தரிசு நிலங்களையும் அப்பகுதியின் நிலையான முகமாக எடுத்துக்கொள்வதும் பிழை. நீண்ட போர்கள் ஓய்ந்த உடனே அவர் அங்கே வந்தார் என்பதையும், புதிய ஆட்சியாளரின் ஊழியராக வந்தார் என்பதையும் சேர்த்தே அப்பக்கங்களை வாசிக்க வேண்டும். மிஷனரி என்பதாலேயே ஒருவர் ஆட்சியிலிருந்து விலகி நின்று எழுதினார் என்றும் எண்ணிவிடக் கூடாது. மிஷனரி சுவார்ட்ஸ் 1779-இல் ஹைதர் அலியைக் காண ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றது சென்னை ஆங்கிலேய அரசின் வேண்டுகோளின்படிதான்.

உரையாடல்களை அப்படியே பேசப்பட்டவையாகக் கொள்வதும் பரவலான தவறு. ஹாலே அறிக்கைகளில் சத்திரத்திலோ வழியிலோ ஒருவர் கேள்வி கேட்பார், மிஷனரி விடை சொல்வார், கேட்டவர் பல இடங்களில் ஒப்புக்கொள்வார் அல்லது பேச்சின்றி நிற்பார். தமிழில் நடந்த பேச்சு, பிறகு நினைவிலிருந்து ஜெர்மன் மொழியில் எழுதப்பட்டு, பக்தியுள்ள வாசகருக்கு ஏற்ற வடிவம் பெற்றது. அதனால் அவை பயனற்றவை ஆகிவிடவில்லை. எந்தக் கேள்விகள் எழுந்தன என்பதை அவை நம்பத்தக்க முறையில் காட்டுகின்றன என்பதே என் கணிப்பு. வாதத்தில் யார் வென்றார் என்பதற்கு மட்டும் அவற்றைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

நான் மிகவும் கவலைப்படும் தவறு ஒன்று உண்டு. நாட்குறிப்பில் உள்ளதையெல்லாம் எழுதியவரே கண்டதாகக் கொண்டு, அவருக்குக் கண்ணும் காதுமாக இருந்தவர்களை மறந்துவிடுகிறோம். தஞ்சை மராட்டிய அரசின் எல்லைக்குள் ஐரோப்பிய மிஷனரிகள் விருப்பம்போல் செல்லத் தொடக்கப் பத்தாண்டுகளில் இயலவில்லை. உள்நாட்டு ஊர்களில் பணி செய்தவர்கள் தமிழ் உபதேசியார்கள். தஞ்சைப் படையில் வீரராக இருந்து உபதேசியாரான ராஜநாயக்கன், கடலூரில் பிறந்து 1733-இல் குருவாக அருள்பொழிவு பெற்ற ஆரோன் போன்றோர் கொண்டுவந்த செய்திகள் மிஷனரியின் நாட்குறிப்பில் கலந்துள்ளன. சீகன்பால்குவுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பனின் பங்கும் அப்படித்தான். மிஷனரிகளின் கேள்விகளுக்குத் தமிழர் விடையாக ஹாலேயில் 1714-லும் 1717-லும் அச்சிடப்பட்ட கடிதங்களுள் பல அவர் எழுதியவையாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. லிவிங்ஸ்டனின் உடலையும் ஏடுகளையும் கடற்கரைக்குக் கொண்டுவந்த குழுவிலும், நாசிக் அருகே மிஷன் பள்ளியில் பயின்ற ஜேக்கப் வெயின்ரைட் என்ற ஆப்பிரிக்கர் தனக்கென ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார். ஆகவே தஞ்சைச் சீமை ஊர் ஒன்றைப் பற்றி 1730-களின் மிஷனரிக் குறிப்பிலிருந்து மேற்கோள் எடுப்பவர், அந்தப் பத்திக்கு மேலும் கீழும் சில பக்கங்கள் புரட்டி, அச்செய்தியை எந்த உபதேசியார் எந்த நாளில் தரங்கம்பாடிக்குக் கொண்டுவந்தார் என்று தேட வேண்டும். பெயர் கிடைத்தால் மிஷனரியின் பெயருக்கு முன்னால் அவர் பெயரை எழுத வேண்டும்.