கடை வாசல் கேமராவில் டபிள்யூடிஆர் அமைக்கும் முறை

கண்ணாடிக் கதவுள்ள கடையின் உள்ளிருந்து வாசலை நோக்கிப் பொருத்திய சிசிடிவி கேமராவில், வெயில் நேரத்தில் உள்ளே வருபவரின் முகம் கருநிழலாகவே பதிவாகும். தெருவின் வெளிச்சத்துக்கும் கடைக்குள் இருக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாடு சென்சாரின் திறனை மீறிவிடுவதே இதற்குக் காரணம். கேமராவின் கோணத்தை மாற்ற இடமிருந்தால் முதலில் அதையே செய்ய வேண்டும். இல்லாதபோதுதான் டபிள்யூடிஆர் (வைட் டைனமிக் ரேஞ்ச்), அதாவது மிக வெளிச்சமான பகுதியையும் இருண்ட பகுதியையும் ஒரே படத்தில் தெளிவாகக் காட்டும் வசதி, தேவைப்படுகிறது.

உண்மையான டபிள்யூடிஆர் கொண்ட கேமரா ஒரே காட்சியை நீண்ட ஷட்டரிலும் (அதிக நேரம் ஒளியை வாங்குவது) குறுகிய ஷட்டரிலும் (குறைந்த நேரம் வாங்குவது) அடுத்தடுத்துப் பதிந்து, நிழலின் விவரத்தை முன்னதிலிருந்தும் வெளிச்சத்தின் விவரத்தைப் பின்னதிலிருந்தும் எடுத்து ஒரே படமாக இணைக்கிறது. 120 டெசிபல் என்ற அளவு, கணக்கின்படி 10 லட்சத்துக்கு ஒன்று என்ற ஒளி விகிதத்தைக் குறிக்கும். டிஜிட்டல் டபிள்யூடிஆர் என்று விற்கப்படுவதோ ஒற்றைப் பதிவின் இருண்ட பகுதியை மென்பொருளால் வெளுப்பாக்குவது மட்டுமே. சென்சாரில் பதியாத முகத்தை அதனால் மீட்க முடியாது. வாங்கும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது மிக முக்கியம்.

கிழக்கு பார்த்த வாசலானால் காலையிலும், மேற்கு பார்த்ததானால் மாலையிலும், வெயில் மிகக் கடுமையாக இருக்கும் நேரத்தில் ஒருவரை வாசலில் நிற்கச் சொல்லி, பட அமைப்பு மெனுவின் பேக்லைட் பகுதியில் டபிள்யூடிஆரை இயக்க வேண்டும். அளவைக் குறைவாகத் தொடங்கி, கண்ணும் மூக்கும் தெளிவாகத் தெரியும்வரை மட்டும் உயர்த்தி, அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தெருக்காட்சி எவ்வளவு அழகாகத் தெரிகிறது என்பதைப் பார்த்து அளவை முடிவு செய்யக் கூடாது. அளவு மிகுந்தால் நிறங்கள் வெளிறும், நிழலில் புள்ளிகள் மொய்க்கும்.

அடுத்து அவரை வேகமாக நடக்கச் சொல்லி, நேரலையில் அல்லாமல் பதிவான காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். இரண்டு பதிவுகளுக்கும் இடையில் உடல் நகர்ந்திருப்பதால் விளிம்புகள் இரட்டையாகத் தெரியக்கூடும். தெரிந்தால் அளவைச் சற்றுக் குறைக்கலாம். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுங்கும். குறுகிய ஷட்டரில் அது படத்தில் பட்டைகளாக ஓடும். மெனுவில் 50 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தும் பட்டை நீங்காவிட்டால் டபிள்யூடிஆர் அளவைத்தான் குறைக்க வேண்டும்.

இரவில் இந்த வசதி பெரும்பாலும் படத்தில் புள்ளி இரைச்சலையே கூட்டும் என்பதால், பகல், இரவு அமைப்புகளைத் தனித்தனியாக வைக்கும் வசதியுள்ள கேமராவில் இரவுக்கு அதை அணைத்துவிடலாம். வண்டிகளின் முகப்பு விளக்கு கூசினால் கூசும் ஒளியை மட்டும் அடக்கிக் காட்டும் எச்எல்சி (ஹைலைட் காம்பென்சேஷன்) என்ற அமைப்பே பொருத்தமானது.