வால் அறுந்த பட்டம்: கதை எழுதும் பிள்ளைகளுக்குப் பெயர்த்தொடர் பழக்குவது எப்படி?

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேசையைச் சுற்றிச் சனிக்கிழமைகளில் ஆறேழு பிள்ளைகள் தமிழ் எழுத வந்து உட்காருவார்கள். தரம் 4, தரம் 5 பிள்ளைகள். கதை எழுதச் சொன்னால் எல்லாருடைய கொப்பியிலும் ‘அழகான’ என்ற சொல் வந்துவிடும். அழகான கடல், அழகான பூ, அழகான வீடு. இந்தப் பிள்ளைகள் எல்லாவற்றையும் கூர்ந்து பார்க்கிறவர்கள்தான். பார்த்ததைப் பெயரோடு சேர்த்துச் சொல்லத்தான் யாரும் பழக்கவில்லை. நான் பழக்கும் விதத்தை எழுதுகிறேன். வீட்டில் அம்மா அப்பாவும் செய்யலாம்.

படி 1: பொருளைக் கையில் கொடுங்கள்

இலக்கணப் பெயர் எதையும் இப்போது சொல்ல வேண்டாம். நான் ஒரு பழைய குடையை மேசையில் வைப்பேன். “எப்படிப்பட்ட குடை?” என்று கேட்டால் “அழகான குடை” என்பார்கள். சரி, எழுதட்டும். அப்புறம் குடையைக் கையில் கொடுத்து விரிக்கச் சொல்லுங்கள். ஒரு கம்பி துணியை விட்டு விலகி நீட்டிக்கொண்டிருக்கும். பிடியில் சின்னச் சின்னப் பல் தடம். என் மகள் குழந்தையாக இருந்தபோது கடித்தது அது. துணியை முகர்ந்தால் பழைய மழை மணக்கும். இப்போது அதே கேள்வியைக் கேளுங்கள்: கம்பி விலகிய குடை, குழந்தை கடித்த குடை, மழை மணக்கும் குடை.

விடைகளை ஒரு பெரிய தாளில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். எல்லா வரியும் ‘குடை’ என்றே முடிகிறதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். பெயர் கடைசியில், அதைப் பற்றிய சேதி எல்லாம் அதற்கு முன்னால். தமிழில் பெயர்த்தொடர் அமைவது இப்படித்தான். ஆங்கில மொழிமூலம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை இன்னும் கொஞ்சம் நிதானமாகக் காட்டுங்கள். ஆங்கிலத்தில் இப்படியான நீண்ட சேதி பெயருக்குப் பின்னால் வரும். அந்தப் பழக்கத்தில் “ஒரு குடை, அது கம்பி விலகியது” என்று எழுதிவிடுவார்கள்.

படி 2: நான்கு கேள்விகள்

யாருடைய? எத்தனை? எப்படிப்பட்ட? என்ன செய்த? முதல் மூன்றும் சுலபம்: அப்பாவின் குடை, இரண்டு குடைகள், கறுப்புக் குடை. பத்து நிமிடம் போதும். நான்காவதற்கு ஒரு முழு வகுப்பையே ஒதுக்குங்கள்.

படி 3: வசனத்தைத் திருப்பிப் போடுதல்

துண்டுக் கடதாசிகளில் சின்ன வசனங்களை எழுதிக் கொடுங்கள். பெயரைக் கடைசிக்குக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான்.

குடை நனைந்தது: நனைந்த குடை.
பாட்டி சிரிக்கிறார்: சிரிக்கிற பாட்டி.
ரயில் நாளை வரும்: நாளை வரும் ரயில்.

மூன்று காலமும் வந்துவிட்டன, பார்த்தீர்களா? இது கைவந்ததும் நீளமானதைக் கொடுங்கள். ‘அப்பா குடையைப் பஸ்ஸில் மறந்துவிட்டு வந்தார்’ என்பது ‘அப்பா பஸ்ஸில் மறந்துவிட்டு வந்த குடை’ ஆகும். இதை எழுதிய அன்று ஒரு பிள்ளை நிமிர்ந்து, “பிறகு அந்தக் குடை கிடைத்ததா?” என்று கேட்டாள். ‘அழகான குடை’ என்றபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. நல்ல பெயர்த்தொடருக்குள் ஒரு கதை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. நான் இதை இவ்வளவு பாடுபட்டுக் கற்பிப்பதற்குக் காரணம் அதுதான்.

இப்போது ‘பெயரெச்சம்’ என்ற சொல்லைச் சொல்லலாம். ‘நனைந்த’, ‘வரும்’ போன்ற சொற்கள் முடியாமல் நின்று, ஒரு பெயரைக் கொண்டு முடிவதால் அவற்றுக்கு அப்படிப் பெயர். கூடவே ஒரு எழுத்துப் பிழையையும் திருத்திவிடுங்கள். ‘கறுப்புக் குடை’யில் க் வரும். ‘நனைந்த குடை’யில் வராது. ‘நனைந்தக் குடை’ என்று பெரியவர்களே எழுதுகிறார்கள்.

படி 4: வெளியே கூட்டிக்கொண்டு போங்கள்

எங்களுக்குக் கடலோரத் திடலான காலிமுகத்திடல் பக்கம். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் கட்டி முடித்த நடைபாதையின் நினைவுக்கல் அங்கே இருக்கிறது. கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நலனுக்காக இதைத் தனக்குப் பின் வருகிறவர்களிடம் ஒப்படைப்பதாக அதில் பொறித்திருக்கிறது. பிள்ளைகளிடம் அதைக் காட்டி, “உங்களை நினைத்து எழுதியது” என்றால் முகம் மலர்ந்துவிடும்.

ஆளுக்கு ஐந்து பெயர்த்தொடர் பிடித்து வர வேண்டும், ‘அழகான’ கூடாது. போன முறை கிடைத்தவற்றில் சில: மீசையோடு இறால் பதித்த வடை, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த மாமா, வால் அறுந்த பட்டம்.

படி 5: குறைப்பது

பழகிய புதிதில் எல்லாப் பெயருக்கும் முன்னால் அடைமொழி போடுவார்கள். ‘சிவந்த வானத்தின் கீழே நீலக் கடலின் ஓரத்தில் வெள்ளை மணலில் சின்னத் தம்பி...’ என்று வசனம் மூச்சு வாங்கும். ஒரு வசனத்தில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மற்றப் பெயர்களின் அடைமொழிகளை விரலால் மறைத்துவிட்டு வாசித்துப் பார்க்கட்டும். மறைத்தும் ஒன்றும் குறையவில்லை என்றால் வெட்டலாம். ‘வெள்ளைப் பால்’, ‘சூடான நெருப்பு’ எல்லாம் அப்படித்தான் போகும்.

படி 6: கதை

ஐந்தில் ஒன்றை எடுத்து ஐந்தாறு வசனம் எழுதச் சொல்லுங்கள். தரம் 5 பிள்ளை ஒருத்தி முதலில் எழுதியது: “நாங்கள் கடற்கரைக்குப் போனோம். அழகான பட்டம் பறந்தது. சந்தோஷமாக இருந்தது.” இரண்டு வாரம் கழித்து எழுதியது:

“நானும் தம்பியும் காலிமுகத்திடலுக்குப் போனோம். வால் அறுந்த பட்டம் ஒன்று கடலில் விழுந்தது. தம்பி அழவில்லை, அது எங்களுடைய பட்டம் இல்லை. அதை விட்ட அண்ணா நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.”

அடுத்த சனிக்கிழமை அவளிடம் கேட்க ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: அந்த அண்ணாவின் கையில் இருந்தது எப்படிப்பட்ட நூல்?