பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்? ஒரு கிதார்காரரின் தெரியாத பதிவுகளைத் தேடும் வழி

ஒரு கிதார்காரரைப் பிடித்துப்போனால், அவர் பேர் போட்ட ஆல்பங்களைக் கொஞ்ச காலத்தில் கேட்டு முடித்துவிடுவோம். தேடல் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. நல்ல வித்வான்கள் அடுத்தவர் ஆல்பத்தில் பக்கவாத்தியமாக உட்கார்ந்து வாசித்தது நிறைய இருக்கும், அதில் அவர்கள் பேர் முன்னட்டையில் இருக்காது. அதனால் அவர் பேரை மட்டும் தட்டித் தேடினால் பாதிகூடக் கிடைக்காது. அவர் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று பார்த்து, அந்த ஆட்கள் வழியாகப் போக வேண்டும்.

கிருஷ்ணகிரியில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவன் நான். பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுப்பார்கள், காலி கேசட்டில் பதிந்து கொடுப்பேன். இப்போது அதே கடையில் பழைய கேசட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்கிறேன். என் ஆள் ஜான் மெக்லாஃப்லின். இங்கிலாந்துக்காரர். அவரிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது கடம். விக்கு விநாயக்ராம் வாசிப்பைக் கேட்க வேண்டும் என்றுதான் 'சக்தி' குழுவின் கேசட்டைப் போட்டேன். எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, நடுவில் இந்தக் கிதார். அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை. அவரை வைத்தே வழியைச் சொல்கிறேன். உங்கள் ஆள் வேறு யாராக இருந்தாலும் வழி இதேதான்.

முதலில் அட்டை. கேசட்டாக இருந்தால் உள்ளே மடித்து வைத்த தாளை முழுக்கப் பிரியுங்கள். பாட்டுப் பட்டியலுக்குக் கீழே, பதிவு செய்த இன்ஜினியர் பேருக்கும் ஸ்டுடியோ பேருக்கும் நடுவில், எறும்பு சைஸ் எழுத்தில் வாசித்தவர்கள் பேர் இருக்கும். செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படியுங்கள். என் கடைக்கு வந்த பல கேசட்டுகளில் அந்த வரிகளையே வெட்டியிருந்தார்கள், அதனால் அசல் எல்பி அட்டையைப் பார்ப்பதுதான் நல்லது. எல்பி கைக்கு வராவிட்டாலும் கவலையில்லை. டிஸ்காக்ஸ் தளத்தில் முன்னட்டை, பின்னட்டை, உள்ளுறை எல்லாவற்றையும் படமாக ஏற்றியிருக்கிறார்கள்.

அந்தத் தளத்தில் கலைஞர் பக்கத்துக்குப் போனால் 'கிரெடிட்ஸ்' என்று ஒரு பகுதி தனியாக இருக்கும். சொந்த ஆல்பம் பட்டியலைத் தாண்டி நேராக அங்கே போங்கள். அடுத்தவர் ஆல்பங்களில் அவர் செய்த வேலை அங்கேதான் கிடக்கிறது. மறுபதிப்புகளும் தொகுப்புகளும் கலந்து கிடப்பதால் பட்டியல் மலைபோலத் தெரியும். வாத்தியம் வாசித்தவை மட்டும் வரும்படி வடிகட்டி, பழைய வருஷத்திலிருந்து வரிசைப்படுத்தினால் கைக்கு அடங்கிவிடும். மியூசிக்பிரெய்ன்ஸ் தளத்தையும் கூடவே பாருங்கள். ஆல்பத்தில் எந்தப் பாட்டில் வாசித்தார் என்பது அங்கே பல சமயம் தனியாகவே பதிவாகியிருக்கும்.

இனி பக்கத்து ஆட்கள். நான் மணிக்கணக்கில் உட்காருவது இந்த இடத்தில்தான். மெக்லாஃப்லினின் முதல் சொந்த ஆல்பம் 'எக்ஸ்ட்ராபொலேஷன்', 1969. அதற்கு முன்னால் லண்டனில் அவர் ஆர்கன் கலைஞர் கிரஹாம் பாண்டின் குழுவில் இருந்தார். அந்தக் குழுவில் இருந்த ஜாக் புரூஸ் என்ற பாஸ் கலைஞரைப் பிடித்துக்கொண்டு போனால், அவருடைய 'திங்ஸ் வீ லைக்' ஆல்பத்தில் நம் ஆள் உட்கார்ந்திருக்கிறார். பியானோ கலைஞர் கார்டன் பெக்கின் 'எக்ஸ்பெரிமென்ட்ஸ் வித் பாப்ஸ்' ஆல்பத்திலும் இருக்கிறார். அமெரிக்கா போனதும் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் கூப்பிட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். 'பிட்சஸ் ப்ரூ' ஆல்பத்தில் 'ஜான் மெக்லாஃப்லின்' என்றே ஒரு டிராக் இருக்கிறது, அதில் மைல்ஸ் வாசிக்கவே இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் இருந்த சாக்ஸபோன்காரர் வெய்ன் ஷார்ட்டர் அதே 1969-இல் தன் 'சூப்பர் நோவா' ஆல்பத்துக்கு இவரைக் கூப்பிட்டுக்கொண்டார். இதைக் கேட்டவர்கள் குறைவு. மைல்ஸிடம் வாசித்த பியானோ கலைஞர் சிக் கொரியாவைத் தொடர்ந்தால் பாஸ் கலைஞர் ஸ்டான்லி கிளார்க் வருவார். அவருடைய 1975 ஆல்பம் 'ஜர்னி டு லவ்'. அதில் 'சாங் டு ஜான்' என்று ஒன்றை கொரியா, கிளார்க், மெக்லாஃப்லின் மூவரும் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். ஒரு கயிறை இழுத்தால் அடுத்த வாளி மேலே வருகிறது.

நம் பக்கத்து ஆட்களையும் விடாதீர்கள். ஜாகிர் உசேன் பேரில் 1987-இல் வந்த 'மேக்கிங் மியூசிக்' ஆல்பத்தில் ஹரிபிரசாத் சௌராசியா குழல், நார்வேக்காரர் யான் கார்பரெக் சாக்ஸபோன், மெக்லாஃப்லின் கிதார். 'சக்தி'யை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள்கூட இதைக் கேட்டதில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். 2008-இல் வந்த 'ஃப்ளோட்டிங் பாயின்ட்' சென்னையிலேயே பதிவானது. சசாங்க் குழல், மாண்டலின் சீனிவாசின் தம்பி ராஜேஷ், சிவமணி எல்லோரும் இருக்கிறார்கள். இது அவர் பேரில் வந்த ஆல்பம்தான். ஆனாலும் அதில் வாசித்த ஒவ்வொருவரும் ஒரு புது வாசல்.

நம்மவர் பேரைத் தேடும்போது இங்கிலீஷ் எழுத்தில் கவனம் வேண்டும். மாண்டலின் சீனிவாஸ் பேரில் எஸ்ஸுக்குப் பின்னால் ஹெச் போட்டும் எழுதுவார்கள், போடாமலும் எழுதுவார்கள். விநாயக்ராம் ஓர் இடத்தில் டி.ஹெச். என்ற இனிஷியலோடும் இன்னோர் இடத்தில் விக்கு என்ற பேரோடும் வருவார். எல். சங்கர் பிற்காலத்தில் தன் பேரையே ஷென்கர் என்று எழுத ஆரம்பித்தார். எல்லா எழுத்துமுறையையும் போட்டுத் தேடுங்கள்.

அதைவிடப் பெரிய குழப்பம் ஒரே பேரில் இரண்டு பேர் இருப்பது. பில் எவன்ஸ் என்று ஒரு பியானோ மேதை. பில் எவன்ஸ் என்று ஒரு சாக்ஸபோன்காரர். மெக்லாஃப்லின் 1984-இல் 'மகாவிஷ்ணு' ஆல்பத்தைச் செய்தது சாக்ஸபோன்காரரோடு. 1993-இல் 'டைம் ரிமெம்பர்ட்' என்று அஞ்சலி செலுத்தியது பியானோ மேதைக்கு. பேருக்குப் பக்கத்தில் வாத்தியம் என்ன என்று பார்க்காமல் எதையும் எழுதிக்கொள்ளாதீர்கள்.

வெளியான வருஷத்தை மட்டும் நம்பினாலும் வழி தவறும். 'திங்ஸ் வீ லைக்' 1968-இல் பதிவாகி 1970-இல்தான் வெளிவந்தது. இவர் வாசித்த மைல்ஸின் 'ஆரா' 1985-இல் பதிவு, 1989-இல் வெளியீடு. பதிவான வருஷத்தைப் பிடித்தால்தான் அந்தச் சமயத்தில் அவரோடு யார் யார் சுற்றினார்கள் என்பது சரியாக விளங்கும்.

மெட்டமைத்தவர் பேரைப் பிடித்தும் போகலாம். 'எக்ஸ்ட்ராபொலேஷன்' ஆல்பத்தில் 'ஆர்யன்ஸ் பேக்' என்று வரும் மெட்டு, பிறகு 'ஃபாலோ யுவர் ஹார்ட்' என்று பேர் மாறியது. அந்தப் பேரைத் தேடினால் சாக்ஸபோன்காரர் ஜோ ஃபாரெல் 1970-இல் செய்த குவார்டெட் ஆல்பம் வருகிறது. அதில் கிதாரும் இவரே.

கம்பெனி ஒப்பந்தத்தால் பேரை மறைத்து வாசிப்பதும் உண்டு. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன், 1969-இல் வெளியான கிரீம் ராக் குழுவின் 'பேட்ஜ்' பாட்டில் வாசித்தபோது அட்டையில் போட்ட பேர் 'லாஞ்சலோ மிஸ்டீரியோஸோ'. அட்டையில் யாரென்று தெரியாத வினோதப் பேர் ஒன்று கண்ணில் பட்டால் அதைத் தனியாகக் குறித்து வைத்துத் தேடுங்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து வரும் ஒரு கல்லூரிப் பையன் கேட்டான்: "அண்ணா, யூடியூப்ல அவர் வாசிச்சதுன்னு போட்டிருக்காங்க, நம்பலாமா?"

"அட்டையைக் காட்டச் சொல்லுப்பா" என்றேன்.

அட்டை இல்லையென்றால் காது. 'சக்தி' காலத்துக்கென்று கிப்சன் கம்பெனி அவருக்கு ஒரு கிதார் செய்து கொடுத்தது. ஒலித்துளைக்குக் குறுக்கே சாய்வாக ஏழு தந்திகள் கூடுதலாக ஓடும். விரல் வைக்கும் பலகையில் கட்டைகளுக்கு நடுவே மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருப்பார்கள், அதனால் தந்தியை வீணைபோல இழுத்துக் கமகம் கொண்டுவர முடியும். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். வேகமான வரிசை ஒன்று முடிந்து அவர் நிறுத்தும் இடத்தில் அந்தத் தந்திகளின் ரீங்காரம் பின்னால் தங்கும். அது கேட்டால் எழுபதுகளின் நடுப்பகுதி என்று ஊகிக்கலாம். ஆனாலும் காது சொன்னதைப் பென்சிலில்தான் எழுதுவேன். அட்டையில் பார்த்த பிறகுதான் பேனா.

எழுத ஒரு லாங் சைஸ் நோட்டுப் போதும். பதிவான வருஷம், வெளியான வருஷம், யார் ஆல்பம், எந்த டிராக், கூட யார் வாசித்தது, எங்கே பார்த்தேன். கடைசிக் கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள். 'கூட யார்' கட்டத்தில் இரண்டு தடவைக்கு மேல் வரும் பேரை அடிக்கோடிட்டு வையுங்கள், அடுத்து அவர் பக்கத்தைத் திறக்க வேண்டும்.

மெக்லாஃப்லினையே இன்றைக்கு ஆரம்பிப்பதாக இருந்தால் முதலில் 'மேக்கிங் மியூசிக்' கேளுங்கள். அப்புறம் 'சக்தி' முதல் ஆல்பத்தின் அட்டையை எடுத்து மிருதங்கம் யார் என்று பாருங்கள். ராம்நாட் ராகவன். அந்தப் பேரிலிருந்து தொடங்கலாம்.